பீரோவுக்குப் பின்னால்

8 ஆகஸ்ட் 1983, திங்கள்

முதலாளி ஜனவரியில் கொடுத்த டைரி. ஏழு மாசமாகப் பரண்மேல் கிடந்திருக்கிறது. கரப்பான் மருந்து தேடப் போனதில் கையில் அகப்பட்டது. நாற்பத்தெட்டு வயசில் டைரி எழுத உட்காருகிறவன் ஒன்று பெரிய மனிதனாக இருக்கணும், இல்லை வீட்டில் பேச ஆளில்லாதவனாக இருக்கணும். நான் ரெண்டும் இல்லை. தாள் வீணாகப் போகிறதே என்றுதான்.

பெயர் கன்னியப்பன். தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன பெயிண்ட் கம்பெனியில் கலர் கலக்கும் ஃபோர்மேன். கருவடிக்குப்பத்தில் அப்பா வைத்துவிட்டுப் போன வீடு. மனைவி தையல்நாயகி. ஒரே மகளைக் கடலூரில் கட்டிக் கொடுத்தாச்சு. வாழ்க்கையில் செய்த சாதனை என்று கேட்டால், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற தொல்லையை ஒழித்தது.

போன வருஷம் பொங்கலுக்கு முன்னால், அப்பா காலத்துச் சுண்ணாம்புச் சுவர் பூரா சிமெண்டு பூசி, அதன்மேல் எங்கள் கம்பெனி எனாமல் ரெண்டு கோட்டு அடித்தேன். கடல் பச்சை. முகம் பார்த்துத் தலை சீவலாம். இந்தப் போகிக்குத் தெருவே சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக நின்றபோது நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தேன். "இருவது வருஷத்துக்கு இந்தச் சுவத்த யாரும் தொட வேணாம்" என்று தெருவுக்கே சொன்னேன். பாகூரில் பயிர் வைக்கிற என் மச்சான், தையலின் அண்ணன் ராஜாங்கத்திடம் துண்டைப் போட்டுத் தாண்டாத குறையாகச் சொன்னேன்.

இன்றைக்கு இவ்வளவு போதும். கை வலிக்கிறது.

12 ஆகஸ்ட், வெள்ளி

தையலுக்கு இருமல் விட்டபாடில்லை. மார்ச்சில் ஆரம்பித்தது. இப்போது இழுப்பும் சேர்ந்துகொண்டது. காலையில் தலைக்குக் குளித்து, வீடு பூரா துடைத்து, விரதம் இருந்து விளக்கேற்றினாள். சாயங்காலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து துருத்தி மாதிரி மூச்சு வாங்குகிறாள். விரதம் இருந்தால் உடம்புக்கு நல்லது என்பார்கள். இவளுக்கு எதுவும் தலைகீழ்தான்.

அதை அவளிடமே சொன்னேன். சிரித்தாள். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் இருமினாள்.

17 ஆகஸ்ட், புதன்

பக்கத்து வீட்டுத் தனக்கொடி முறம் கேட்டு வந்தவள், உள் ரூம் வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள். "இன்னா தையலு, ஈரக் கோணி மாரி வாட அடிக்குது?"

எனக்கு ஒரு வாடையும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் டர்பண்டைனில் ஊறின மூக்கு. மல்லிகைப்பூவும் மீன் கூடையும் எனக்கு ஒன்றுதான். ஆனால் அதை ஒப்புக்கொள்ள முடியுமா? ஃபோர்மேன் ஆச்சே. ரெண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "கருவாட்டுப் பானை" என்று தீர்ப்பு சொன்னேன். தையல் பெரிய மார்க்கெட்டில் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்திருந்த வஞ்சிரக் கருவாடு பூரா தெரு நாய்களுக்குப் போச்சு.

19 ஆகஸ்ட், வெள்ளி

வாடை போகலையாம். எனக்குத் தெரியாது. கருவாட்டுக் குழம்பு இல்லாதது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

29 ஆகஸ்ட், திங்கள்

அரை நாள் லீவு போட்டுத் தையலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்லி, சீட்டைப் பார்த்துவிட்டு "ஈஸ்னோபீலியா" என்றார். மாத்திரை எழுதினார். தூசி ஆகாது, தயிர் ஆகாது.

"வீட்ல எங்கயாவது ஈரக்கசிவு இருக்கா?"

"எனாமல் அடிச்ச வீடு சார்! ரெண்டு கோட்டு!" என்றேன். பக்கத்தில் ஊசிக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் கையெடுத்துக் கும்பிடவில்லை, அவ்வளவுதான் பாக்கி.

வரும் வழியில்தான் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு இடம். உள் ரூமில் தையல் கட்டில் தலைமாட்டுப் பக்கம், மாசிமகத்துக்கு முந்தின நாள் பார்த்தால், பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது, ஓரத்தில் கறுப்பாகக் கொஞ்சம் கறை. மறுநாள் தீர்த்தவாரி பார்க்க ராஜாங்கம் குடும்பத்தோடு வந்து நம் வீட்டில்தான் தங்கப் போகிறார். இருபது வருஷம் என்று சவால் விட்டவன் சுவர் ஒரு வருஷத்தில் உப்பினால் அவர் ஊர் பூரா சொல்லிச் சிரிப்பார். தையல் சீராகக் கொண்டு வந்த மர பீரோவைத் தம் கட்டித் தள்ளி அந்த இடத்தை மறைத்துவிட்டேன். அப்போது பிடித்த இடுப்பு ஒரு வாரம் விடவில்லை.

இதையெல்லாமா டாக்டரிடம் சொல்வது? கொப்புளம் சுவருக்கு. இருமல் தையலுக்கு.

9 செப்டம்பர், வெள்ளி

பீரோவைத் திறந்தால் அவளுக்கு இருமல் அதிகமாகிறது என்பதை ஒரு விஞ்ஞானியைப்போலக் கண்டுபிடித்தேன். அந்துப்பூச்சிதான் காரணம் என்று அதே விஞ்ஞானி முடிவு பண்ணி, அரைக் கிலோ அந்துருண்டை வாங்கித் தட்டுக்குத் தட்டு போட்டேன். சாயங்காலம் தையல் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "இருமல கொல்றதுக்குப் பதிலா என்னியே கொல்லப் பாக்கறீங்க" என்றாள்.

அந்துருண்டையை வாரிக் கொட்டினேன். அவளுடைய வெள்ளிக்கிழமை விரதமும் பாதியில் கெட்டது.

14 செப்டம்பர், புதன்

ராஜாங்கத்தின் பெண் வயசுக்கு வந்திருக்கிறாள். மஞ்சள் நீராட்டுக்கு அத்தை இல்லாமல் முடியாது. தையல் பாகூர் போனாள். நான் சமையல்.

15 செப்டம்பர், வியாழன்

சோறு குழைந்தது. குழம்பு என்று ஒன்று வைத்தேன். அதன் பெயர் எனக்குத் தெரியாது.

25 செப்டம்பர், ஞாயிறு

பாகூர் போனேன். வீட்டுக்குள் நுழையுமுன் பம்புசெட்டில் துணி அலசிக்கொண்டிருந்தவளைப் பார்த்தேன். குனிகிறாள், நிமிர்கிறாள், வாளியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கிறாள். ஒரு இருமல் இல்லை. யாரோ வேற பொம்பளை என்று நினைத்துவிட்டேன்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே நான்? படவில்லை. வயிறு எரிந்தது. என் வீட்டில் வராத மூச்சு இங்கே எப்படி வருகிறது?

ராஜாங்கம் இலை போட்டுச் சாப்பாடு போட்டார். பேச்சையும் கூடவே பரிமாறினார். "பாத்தீங்களா மாப்ள, பத்து நாளு. மாத்திரையும் இல்ல ஒண்ணும் இல்ல." தையல், "ஊர் காத்து ஒத்துக்குது, அவ்ளோதாண்ணே, சும்மா இரு" என்றாள். ராஜாங்கம் சும்மா இருக்கவில்லை. கூடக் கொஞ்சம் அப்பளம் வைத்தார்.

புதன்கிழமை கூட்டிவரப் போகிறேன்.

1 அக்டோபர், சனி

வந்து மூணு நாள். நேற்று வெள்ளி, வழக்கம்போல வீட்டைத் துடைத்தாள். இன்று காலை உதடு நீலம் பூத்துப்போச்சு. ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரி. ஊசி போட்ட பிறகுதான் பேச்சு வந்தது. முதல் பேச்சு: "நீங்க சாப்டீங்களா?"

பயந்துட்டேன். நெஜமாவே பயந்துட்டேன்.

3 அக்டோபர், திங்கள்

ராஜாங்கம் வந்துட்டார். யார் சொன்னாங்களோ. வந்தவர் செருப்புகூடக் கழட்டாமல் உள் ரூம் வாசலில் நின்று, "ஒங்க வூட்ல இன்னாமோ இருக்குது மாப்ள. எந்தங்கச்சிக்கு இந்த வூட்டு வாசப்படி ஆவல" என்றார். எனக்கு ரத்தம் தலைக்கேறிடுச்சு. எங்கப்பா கட்டின வூட்ட சொல்றியா? நானும் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். கடைசியில், "போறவ போவட்டும்" என்றேன். ரொம்பப் பெரிய ஆம்பள பேச்சு.

தையல் பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் திரும்பி, "பீரோ சாவி ஆணியில மாட்டி இருக்குது. வெள்ளிக்கெழம வெளக்கேத்துங்க" என்றாள்.

டேய் கன்னியப்பா. இருன்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாய் வரல.

7 அக்டோபர், வெள்ளி

விளக்கேற்றினேன். திரி எண்ணெயில் விழுந்தது.

22 அக்டோபர், சனி

ராஜாங்கத்திடமிருந்து கார்டு. "தங்கச்சிக்குக் கொல்லைப் பக்கம் ஒரு ரூம் எடுக்கலாமென்று கல் இறக்கியிருக்கிறேன். தை பிறந்தால் குடிவைத்துவிடலாம். நீங்களும் லீவு நாளில் வந்து போகலாம்."

வந்து போகலாம். பெண்டாட்டியைப் பார்க்க நான் வந்து போகலாம். விருந்தாளியாக.

நாலு தரம் படித்தேன். கோபப்பட ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. தங்கச்சி பிழைக்கணும் என்று நினைக்கிற அண்ணன் வேறென்ன செய்வார். இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினேன். கடைசியில் இந்த வீட்டில் அவளால் மூச்சுகூட விட முடியவில்லை.

8 நவம்பர், செவ்வாய்

தீபாவளிக்குப் பாகூர் போய்த் திரும்பினேன். அவள் இளைக்கவில்லை, நான்தான் இளைத்திருக்கிறேன். ரூம் அஸ்திவாரம் போட்டாச்சு. அதன்மேல் நடந்து காட்டினார் ராஜாங்கம். நானும் நடந்தேன். "நல்லா அகலமா இருக்குது" என்று வேறு சொன்னேன்.

இங்கே தினம் மழை.

20 நவம்பர், ஞாயிறு

கம்பெனி ஸ்டோர்கீப்பர் மகன் கல்யாணம். பட்டு வேட்டியை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். மாசக்கணக்கில் திறக்கவில்லை. வேட்டி மடிப்பு பூரா பச்சைப் பொடி. பழைய ஊறுகாயில் படருமே, அந்தப் பூஞ்சை. தையலின் கல்யாணப் புடவையிலும் இருந்தது. பீரோ முதுகுப் பலகையை உள்ளிருந்து கையால் அழுத்தினேன். கேக் மாதிரி உள்ளே போச்சு.

எல்லாவற்றையும் வாரிக் கட்டிலில் போட்டுவிட்டு பீரோவை இழுத்தேன். இந்தத் தடவை இடுப்பைப் பற்றி நினைக்கவில்லை.

பீரோவின் முதுகில் ரோமம் முளைத்திருந்தது. நான் மிகைப்படுத்தவில்லை. கறுப்பாக, சாம்பலாக, ஆள் உயரத்துக்கு. சுவரில் என் கடல் பச்சையைத் தேட வேண்டியிருந்தது. கட்டில் தலைமாடு வரைக்கும் கறுப்பு ஓடியிருந்தது. உப்பியிருந்த இடத்தில் விரலை வைத்தேன். பெயிண்ட் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது, பின்னாலேயே தண்ணி வழிந்து காலில் சொட்டியது.

ஒம்பது மாசம். அவ தல வெச்சிப் படுத்தது இதுக்கு ஒரு முழம் தள்ளி. ராஜாங்கம் சிரிப்பாருன்னு நான் மூடி வெச்சேன். டாக்டர் கேட்டார், நேரா மூஞ்சியப் பாத்துக் கேட்டார், நான் ரெண்டு கோட்டுன்னேன்.

கல்யாணத்துக்குப் போகவில்லை.

21 நவம்பர், திங்கள்

காலையில் வேலைக்கு வரவில்லை என்று கம்பெனிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, நேராகத் தனக்கொடி வீட்டுக்குப் போனேன். சரியாக அந்தச் சுவரின் மறுபக்கம்தான் அவள் துவைக்கிற கல். சோப்பு நுரை அப்போதும் சுவரில் ஒட்டியிருந்தது. கண்டுபிடிச்சிட்டேன்! சண்டை பிடித்தேன். ஒன் கல்லு, ஒன் தண்ணி, எம் பொண்டாட்டி உசுரு என்று தெரு கூடுகிற அளவுக்குக் கத்தினேன்.

தனக்கொடி புடவையை ஒரு முறுக்கு முறுக்கிப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தாள். "எம் மாமியாக் காலத்துலேந்து இந்தக் கல்லுலதான் தொவைக்கிறோம். முப்பது வருசமா அழுவாத ஒங்க சுவரு இப்பதான் அழுவுதா? நல்லாக் கேக்க வந்துட்டாரு நாயத்த!"

தெரு அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. நான் வீட்டுப் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

23 நவம்பர், புதன்

கொத்தனார் பக்கிரி வந்தார். சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். உளியால் ஒரு சாண் சிமெண்டைப் பெயர்த்தார். உள்ளே பழைய சுண்ணாம்புப் பூச்சு களியாக இருந்தது.

"இது பழைய சுவரு சார். அந்தம்மா தொவைக்கிற தண்ணிய கொஞ்சம் குடிக்கும், இந்தப் பக்கமா காஞ்சிடும். இத்தினி வருசம் அப்படித்தான் ஓடியிருக்குது. நீங்க இந்தப் பக்கம் சிமெண்டு போட்டு எண்ணெ பெயிண்டு அடிச்சி அடச்சிட்டீங்க. குடிச்ச தண்ணி எங்க போவும்?" அப்புறம் கையில் இருந்த பெயிண்ட் பட்டையைத் திருப்பிப் பார்த்து, "ரப்பர் கணக்கா கீது. இன்னா கம்பெனி சார் இது?" என்றார்.

"ஏதோ மார்க்கெட்ல வாங்கினது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தது எங்கள் கம்பெனி காலி டின் மேல். பக்கிரி டின்னைப் பார்த்தார், என் சட்டைப் பையில் இருந்த கம்பெனி பேட்ஜைப் பார்த்தார், உளியைத் தூக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார். நல்ல மனுஷன்.

செய்ய வேண்டியது: பெயிண்டைச் சுரண்டணும், சிமெண்டைப் பெயர்க்கணும், சுவரைக் காயவிடணும், அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் வெள்ளை. எவ்வளவு நாள் ஆகும் என்றேன். "சொவரு சொல்லணும் சார், நான் சொல்ல முடியாது."

27 நவம்பர், ஞாயிறு

பெயிண்டை நானே சுரண்டுகிறேன் என்று பக்கிரியிடம் சொல்லிவிட்டேன். என் பாவம், என் கை. ஈரம் பட்ட இடம்தான் உரிந்து வருகிறது. மற்ற இடத்தில் எங்கள் சரக்கு என்னமாய்ப் பிடித்திருக்கிறது! ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறம் அளவு போகிறது. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் எனாமலின் உழைப்பைப் பற்றிக் கடைக்காரர்களிடம் பொய் சொல்கிறேன் என்றே நினைத்திருந்தேன். அத்தனையும் உண்மை.

மத்தியானம் எனக்கே இழுப்பு வந்துவிட்டது. கறுப்புப் பொடி மூக்கில், தொண்டையில். குந்தி உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தபோதுதான், அவள் தினம் பட்டது இதுதான் என்று உடம்புக்குப் புரிந்தது. புத்திக்கு எப்பவும் லேட்டு.

பக்கிரி பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "காஞ்சத அப்படியே சொரண்டாதீங்க சார். தண்ணி தெளிச்சி நனைங்க, மூக்க சுத்தித் துணி கட்டுங்க, ஜன்னல தெறந்து வையிங்க. அத பறக்க வுட்டா வூடு பூரா போய் ஒக்காந்துக்கும்."

4 டிசம்பர், ஞாயிறு

பீரோவின் முதுகுப் பலகையைக் கழற்றிக் கொல்லையில் எரித்தேன். தலையணை, மெத்தை, கோணி எல்லாம் போச்சு. மரச் சட்டத்தைக் கொதிநீரில் சோப்புப் போட்டுக் கழுவி, மழை விட்ட நேரம் வெயிலில் வைத்தேன். கல்யாணப் புடவையைத் தனக்கொடியிடம் கொண்டு போனேன். பட்டுக்கு என்ன செய்வது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

போன கையோடு, "அன்னிக்கு நான் பேசினது தப்புதாம்மா. தண்ணி ஒன்னுதுதான், அடச்சது நான்தான்" என்றேன். ரெண்டு நாளாகக் கண்ணாடி முன் பயிற்சி எடுத்த வசனம். கடைசி பாதியை விழுங்காமல் சொன்னது எனக்கே ஆச்சரியம்.

புடவையைப் பிரித்துப் பார்த்தாள். "கறை முழுசா போவாது. வெயில்ல காட்டி வெக்கிறேன்" என்றாள். சாயங்காலம் அவளும் அவள் புருஷனும் துவைக்கிற கல்லைப் புரட்டிப் புரட்டிக் கிணற்றுப் பக்கம் கொண்டு போனார்கள். நான் கேட்கவில்லை. ஓடிப் போய் ஒரு முனை பிடித்தேன். மறுபடி இடுப்பு.

18 டிசம்பர், ஞாயிறு

சுவர் காயவில்லை. மழை. கம்பெனி விட்டு வந்ததும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். ஜில்லென்கிறது. ரூமில் கரி அடுப்பு மூட்டி, ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். ராஜாங்கம் ரூமும் மழையால் நின்றிருக்கும் என்பது ஒன்றுதான் ஆறுதல். எப்பேர்ப்பட்ட ஆறுதல்!

27 டிசம்பர், செவ்வாய்

கையில் ஈரம் ஒட்டவில்லை. பக்கிரி சுண்ணாம்புப் பூச்சு ஆரம்பித்தார். மேல் வெள்ளைக்கு நான் போய்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கினேன். சைக்கிள் கேரியரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வரும்போது, கம்பெனி சேல்ஸ் ஆள் கோவிந்தசாமி எதிரே. "இன்னா ஃபோர்மேன், சுண்ணாம்பு?"

"தென்ன மரத்துக்கு அடிக்க."

என் வீட்டில் தென்னை மரம் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

6 ஜனவரி 1984, வெள்ளி

முதலாளி இந்த வருஷம் டைரி தரவில்லை. பழைய டைரியில் ஜனவரி பூரா காலிதானே. வியாழன் என்று அச்சடித்த பக்கத்தில் வெள்ளிக்கிழமையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூணு கை வெள்ளை அடித்து முடித்தேன். நீலம் கொஞ்சம் கூடிவிட்டது. கலர் கலக்குகிற ஃபோர்மேனுக்குச் சுண்ணாம்பில் நீலம் கலக்கத் தெரியவில்லை. பரவாயில்லை. தொட்டால் கையில் வெள்ளை ஒட்டுகிறது. தலை சீவ முடியாது.

8 ஜனவரி, ஞாயிறு

பாகூர். ரூம் சுவர் கழுத்து மட்டம் வந்துவிட்டது. ராஜாங்கம் கலவைச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ரெண்டு கொத்தனார், ஒரு சித்தாள், சம்பந்தி வீட்டு ஆள் ஒருத்தர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "மாப்ளதான் பெயிண்டுல புலியாச்சே. இந்த ரூமுக்கு இன்னா அடிக்கலாம், சொல்லுங்க. அந்த இருவது வருசப் பெயிண்டே அடிச்சிடலாமா?"

தையல் தண்ணிச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"சுண்ணாம்பு அடிங்க மச்சான்" என்றேன். "என் எனாமலாலதான் இவளுக்கு மூச்சு போச்சு. சுவத்துல பூஞ்சை புடிச்சி, ஆள் ஒசரம் வளந்திருந்திச்சு. எல்லாத்தையும் சொரண்டிட்டேன். சுண்ணாம்பு அடிச்சிருக்கேன். ஒரு பத்து நாள் அனுப்பிப் பாருங்க. மறுபடி இழுப்பு வந்தா நானே கொண்டாந்து வுட்டுடறேன்."

சிரிப்பார் என்று காத்திருந்தேன். பத்து மாசம் பயந்த சிரிப்பு. ராஜாங்கம் சிரிக்கவில்லை. தங்கச்சியைப் பார்த்தார். அப்புறம், "பத்து நாளு. நான் வந்து பாப்பேன்" என்றார்.

11 ஜனவரி, புதன்

வந்துட்டா.

உள் ரூமைச் சுற்றிப் பார்த்தாள். சுவரைத் தொட்டு விரலைப் பார்த்துக்கொண்டாள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, புது முதுகோடு நிற்கிற பீரோவைப் பார்த்தாள். நானே ஆரம்பித்தேன். பெயிண்டைப் பற்றி அங்கே எல்லாருக்கும் சொன்னேன், பீரோவைப் பற்றிச் சொல்லவில்லை. அது இவளுக்குச் சொல்ல வேண்டியது. மாசிமகத்துக்கு முந்தின நாள் உப்பினதைப் பார்த்தது, அண்ணன் பார்த்துவிடக் கூடாது என்று தள்ளி மறைத்தது, டாக்டரிடம் மழுப்பினது — தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"பீரோவ நீங்க தள்றப்ப நான் அடுப்பங்கரையிலதான இருந்தேன்? எனக்குக் காது கேக்காதா? மறுவாரமே பின்னாடி எட்டிப் பாத்தேன்."

"பின்ன ஏண்டி சொல்லல?"

"அண்ணன் சிரிக்கும். நீங்க ஒரு வாரம் சோறு துன்ன மாட்டீங்க." பையிலிருந்து துணியை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். "நானுந்தான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வூடு தொடைக்கச்சொல்ல, எட்டின வரைக்கும் கைய வுட்டு காஞ்ச துணியால தொடச்சி எடுப்பேன். மறுபடி மறுபடி வந்துடும். வெளிய தெரியற மாரி படந்துடுச்சின்னா, நீங்க பாத்துட்டு மனசு ஒடஞ்சிடுவீங்கன்னு."

காஞ்ச துணி. பறக்க விடாதீங்க என்று பக்கிரி சத்தம் போட்டது ஞாபகம் வந்தது. இந்த டைரியைப் புரட்டிப் பார்த்தேன். ஆகஸ்ட் பன்னிரண்டு, வெள்ளி. செப்டம்பர் ஒன்பது, வெள்ளி. செப்டம்பர் முப்பது, வெள்ளி, மறுநாள் ஆஸ்பத்திரி. விரதத்தைக் கிண்டல் பண்ணி எழுதியிருக்கிறேன்.

நான் ராஜாங்கத்திடமிருந்து மறைத்தேன். அவள் என்னிடமிருந்து மறைத்தாள். எனக்காக.

கொல்லைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுட்டு வந்தேன். கேட்டா, சுண்ணாம்பு கண்ணுல பட்டுடுச்சுன்னு சொல்லலாம்னு நெனச்சேன். அவ கேக்கல.

22 ஜனவரி, ஞாயிறு

பதினோராம் நாள் ராஜாங்கம் வந்தார். சொன்னபடி. கரும்புக் கட்டோடு. தையல் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மூணு பேரும் சாப்பிட்டோம். போகும்போது, அந்த ரூமில் உரமூட்டை அடுக்கப் போகிறேன் என்றார். சுண்ணாம்பு அடித்துவிட்டு.

27 ஜனவரி, வெள்ளி

தையல் தலைக்குக் குளித்து விளக்கேற்றினாள். இருமல் இல்லை.

வீட்டை நான் துடைத்தேன். ஈரத் துணி, மூக்கில் துண்டு. பீரோவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. இருந்தாலும் துடைத்தேன்.